வேட்டைக்காரனின் தோளில் தொங்கும் நீர்

ஜெயங்கொண்டத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள கங்கைகொண்ட சோழபுரம், சுமந்து வரப்பட்ட நீரின் பெயரால் நிலைபெற்ற ஊர். முதலாம் இராசேந்திர சோழனின் (ஆட்சி 1014–1044) படை வடக்கே சென்று கங்கை நீரைக் கொண்டுவந்தது என்றும், அதன் நினைவாகச் சோழகங்கம் என்னும் பேரேரி அமைக்கப்பட்டது என்றும் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. தோற்ற அரசர்களைக் கொண்டு அந்நீர் சுமந்துவரப்பட்டதாகவும், அவ்வேரி நீரால் எழுப்பிய வெற்றித் தூண் என்றும் அது வருணிக்கிறது. பொன்னேரி என்று இன்று அழைக்கப்படும் அந்த ஏரி, பல கோடைகளில் வறண்டு செம்மண் தரையாகக் காட்சியளிப்பதுண்டு.

இராசேந்திரன் அத்தலைநகரில் ஆண்டுகொண்டிருந்த அதே காலத்தில், பக்தாதில் இமாம் அபுல் ஹுஸைன் அல்குதூரி (ரஹ்) வாழ்ந்தார். ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த அவரது ‘முக்தஸர்’ என்னும் சுருக்க நூல், ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோரின் மதரஸாக்களில் இன்றளவும் ஓதப்படுகிறது. அந்நூலின் தயம்மும் பாடத்திலும் சுமந்து செல்லப்பட்ட நீர் ஒன்று இடம்பெறுகிறது. ஒரு பயணி தன் மூட்டையில் நீரை வைத்தான், வைத்ததை மறந்தான், தயம்மும் செய்து தொழுதான், பிறகு நினைவு வந்தது. அவன் தொழுகை செல்லுமா?

அரசன் சுமக்கச் செய்த நீருக்குச் செப்பேடு உண்டு. பெயரற்ற பயணியும் வேட்டைக்காரனும் தோளில் சுமந்த நீருக்கு ஃபிக்ஹு நூல்களே சாட்சி. அந்த இரண்டாவது நீரை அந்நூல்கள் எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்துள்ளன என்பதையும், அந்த ஆராய்ச்சியின் அடியில் உள்ள முன்னுரிமை எது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேட்டையும் நீரும்

பயிற்றுவிக்கப்பட்ட விலங்குகளையும் பறவைகளையும் கொண்டு வேட்டையாடுவதைத் திருக்குர்ஆன் அல்மாயிதா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் அனுமதிக்கிறது. அதே அத்தியாயத்தின் 6ஆம் வசனம் உளூவையும், நீர் கிடைக்காதபோது தூய மண்ணால் தயம்மும் செய்வதையும் விதிக்கிறது. வேட்டையின் அனுமதியும் தயம்முமின் அனுமதியும் ஓர் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே இவ்வளவு அருகருகே அமைந்திருப்பது சிந்திக்கத்தக்கது.

வணிகன் செல்லும் வழியில் கிணறுகள் உண்டு. அவற்றின் இடைவெளியை வழிகாட்டிகள் அறிவர். வேட்டைக்காரனுக்கோ வழியே கிடையாது. இரை ஓடும் திசையே அவன் திசை. கிணறும் கூட்டமும் பின்தங்கிவிட, தோளில் உள்ளது மட்டுமே அவனுக்கு எஞ்சும்.

கி.பி. 1352இல் ஸஹாராவைக் கடந்த இப்னு பதூதா இந்நிலையைக் கண்டு எழுதியுள்ளார். தகாஸா என்னும் உப்புச் சுரங்க ஊரில் நீர் நிரப்பிக்கொண்டு புறப்பட்டால், அதற்கப்பால் பத்து நாள் தொலைவுக்கு நீரே அரிது. அப்பாலையில் காட்டு மாடுகள் மிகுதி. நாய்களையும் அம்புகளையும் கொண்டு அவற்றை வேட்டையாடுவர். ஆனால் அந்த இறைச்சி தாகத்தை உண்டாக்கும் என்பதால் பலர் அதைத் தவிர்த்தனர் என்கிறார் அவர். வேட்டையாடப்பட்ட மாட்டின் இரைப்பையைப் பிழிந்து, அதிலிருந்த நீரை மஸ்ஸூஃபா குலத்தார் பருகியதையும் தாம் நேரில் கண்டதாகக் குறிப்பிடுகிறார். கையில் இரை இருந்தும் நீர் இல்லையென்றால் அந்த இரையை உண்ணவும் இயலாது.

இதைவிடக் கடுமையான நெருக்கடியை ஸஹாபாக்கள் ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் பயணத்தில் கண்டனர். கொடிய வெப்பத்தில் தம் ஒட்டகத்தை அறுத்து, அதன் இரைப்பையைப் பிழிந்து குடித்தவர்களும் இருந்தனர் என்று உமர் (ரலி) அறிவித்த செய்தியை இப்னு குஸைமா, இப்னு ஹிப்பான் ஆகியோர் பதிவு செய்துள்ளனர். இரைப்பை நீரை ஹனஃபி, ஷாஃபிஈ அறிஞர்கள் அசுத்தம் என்றே கொள்வர். ஆயினும் உயிர் காக்கும் நிர்ப்பந்தம் அதற்கு விலக்களிக்கிறது. பெருமழை பொழிந்து அத்தாகம் தீர்ந்தது.

நீர் சுமந்த கலங்கள்

இத்தகைய நிலத்தில் வாழ்ந்த அரபியர், நீர் சுமக்கும் கலங்களுக்கு அளவுக்கேற்பப் பெயரிட்டிருந்தனர். தோளில் சுமக்கும் தோற்பை ‘கிர்பா’. கையில் எடுத்துச் செல்லும் சிறு தோற்கலம் ‘இதாவா’. பருகுவதற்கும் உளூச் செய்வதற்கும் பயன்படும் சிறு தோல் ஏனம் ‘ரக்வா’. ஒட்டகத்தின் இருபுறமும் தொங்கவிடும் பெரிய தோற்பை ‘மஸாதா’. பழகித் தேய்ந்த பழைய தோற்பை ‘ஷன்’. ஹதீஸ் நூல்களில் இவை ஒவ்வொன்றும் ஒரு நிகழ்ச்சியுடன் வருகின்றன. ஹுதைபிய்யாவில் நாயகம் (ஸல்) அவர்கள் முன்னிருந்த ரக்வாவைத் தவிர மக்களிடம் நீரே இல்லை என்றும், அவர்களின் விரல்களுக்கிடையே நீர் ஊறி 1,500 பேருக்குப் போதுமானதாயிற்று என்றும் ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார் (புகாரி). தபூக் பயணத்தில் முகீரா பின் ஷுஅபா (ரலி) இதாவாவில் நீர் சுமந்து சென்று நபியவர்களுக்கு உளூச் செய்ய ஊற்றியபோதுதான், காலுறையின் மீது மஸ்ஹு செய்யும் முறையை அவர் கண்டார்.

ஓர் அன்ஸாரியின் தோட்டத்திற்குச் சென்ற நபி (ஸல்) அவர்கள், இரவு முழுவதும் ஷன்னில் இருந்த நீர் உண்டா என்று வினவியதையும் ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார் (புகாரி). பழைய தோலின் நுண்துளைகள் வழியே கசியும் ஈரம் காற்றில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. நம் மண்பானை நீர் குளிர்வதும் இவ்விதமே.

தோற்பை என்றதும், அத்தோல் தூய்மையானதா என்னும் கேள்வி எழும். பதனிடப்பட்ட தோல் தூய்மையாகிவிடும் என்பது நபிமொழி. மைமூனா (ரலி) அவர்களின் விடுதலை பெற்ற பணிப்பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட ஆடு செத்துக் கிடந்தபோது, அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று நபியவர்கள் கேட்டார்கள். இதனடிப்படையில் ஹனஃபிகள் பன்றியின் தோலையும், ஷாஃபிஈகள் பன்றி, நாய் ஆகியவற்றின் தோலையும் விலக்கி, ஏனைய விலங்குகளின் பதனிட்ட தோலை அனுமதித்தனர். வேட்டையில் கிடைத்த மானின் தோலே அடுத்த வேட்டைக்கு நீர்ப்பையாக மாற இச்சட்டம் வழி செய்தது. நம் நாட்டில் வழிப்போக்கரும் பனையேறிகளும் சுரைக்குடுக்கையைக் கொண்டு சென்றனர். வட இந்தியாவில் ஆட்டுத்தோல் மஷ்க் சுமந்தவரைச் சுவனத்தவர் என்னும் பொருள்பட ‘பிஹிஷ்தி’ என்று அழைத்தனர்.

அபூகதாதா (ரலி): வேடரும் நீர் காத்தவரும்

வேட்டையும் சுமந்த நீரும் ஒருவரின் வாழ்விலேயே சந்தித்ததை ஹதீஸ் நூல்களில் காணலாம். அவர் அபூகதாதா அல்அன்ஸாரி (ரலி). ஹுதைபிய்யா ஆண்டில் தோழர்கள் இஹ்ராம் கட்டியிருந்தனர், அவர் கட்டவில்லை. காட்டுக் கழுதை ஒன்றைத் தோழர்கள் கண்டனர். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களே தவிர அவரிடம் சொல்லவில்லை. அவராகவே அதைக் கண்டு குதிரையேறினார். கீழே விழுந்த சாட்டையை எடுத்துக் கொடுக்குமாறு கேட்டபோதும் அவர்கள் மறுத்துவிட்டனர். வேட்டை முடிந்து இறைச்சியை உண்ட பின்னர் அவர்களுக்கு ஐயம் எழுந்தது. எவரேனும் ஏவினீர்களா, சுட்டிக்காட்டினீர்களா என்று நபி (ஸல்) அவர்கள் வினவி, இல்லை என்று அறிந்தபின் உண்ண அனுமதித்தார்கள் (புகாரி, முஸ்லிம்).

அதே அபூகதாதா (ரலி) மற்றொரு பயணத்தில் ‘மீழஆ’ என்னும் உளூக் கலம் ஒன்றை உடன் வைத்திருந்தார். அதிலிருந்த சிறிதளவு நீரில் நபி (ஸல்) அவர்கள் சுருக்கமாக உளூச் செய்தார்கள். எஞ்சியதைக் காத்து வைக்குமாறும், அதற்கு ஒரு சேதி உண்டு என்றும் கூறினார்கள். வெயில் ஏறியபோது மக்கள் தாகத்தால் அழிந்தோம் என்று முறையிட்டனர். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு சிறு கிண்ணத்தை வரவழைத்து ஊற்ற, அபூகதாதா (ரலி) பருகக் கொடுத்தார். கூட்டம் நெருக்கியபோது, அனைவருக்கும் கிடைக்கும், ஒழுங்காக நடந்துகொள்ளுங்கள் என்றார்கள். இறுதியில் அவ்விருவர் மட்டுமே எஞ்சினர். தாங்கள் பருகாமல் தாம் பருகமாட்டேன் என்றார் அபூகதாதா. மக்களுக்குப் பருகக் கொடுப்பவரே கடைசியில் பருகுபவர் என்று நபியவர்கள் விடையளித்தார்கள் (முஸ்லிம்).

இந்நிகழ்ச்சியில் முஃஜிஸா மட்டும் இல்லை, ஒரு சட்டக் குறிப்பும் உண்டு. உளூவுக்கென்று பெயர் பெற்ற கலத்தின் நீர், தாகம் வந்த வேளையில் தொண்டைகளுக்கு உரியதாயிற்று. கலத்தின் பெயர் நீரின் பயனைத் தீர்மானிக்கவில்லை, தேவையே தீர்மானித்தது. சிறிதளவு நீரில் உளூவைச் சுருக்கியதும் பின்னால் வரவிருந்த தாகத்திற்கு இடம் வைத்தது.

தொண்டைக்கு முதலிடம்

இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அறிவிக்கும் செய்தி இந்த வரிசையை இன்னும் தெளிவாக்குகிறது. ஒரு பயணத்தில் நீரின்றி மக்கள் தவித்தனர். குளிப்பு கடமையான ஒருவர் தொழாமல் ஒதுங்கி நின்றார். மண் உமக்குப் போதும் என்று அவருக்கு நபியவர்கள் கூறினார்கள். அலீ (ரலி) அவர்களும் மற்றொருவரும் நீர் தேடிச் சென்று, இரண்டு மஸாதாக்களுக்கிடையே ஒட்டகத்தில் அமர்ந்து வந்த பெண்ணொருவரை அழைத்து வந்தனர். அத்தோற்பைகளிலிருந்து நீர் எடுக்கப்பட்டது. விரும்பியவர்கள் பருகினர், விலங்குகளுக்கும் புகட்டினர். அனைத்திற்கும் இறுதியாகவே, குளிப்பு கடமையானவருக்கு ஒரு பாத்திரம் நீர் கொடுக்கப்பட்டது (புகாரி). அப்பெண்ணின் பைகள் முன்னிலும் நிறைந்து காணப்பட்டன. அவருக்குப் பேரீச்சம்பழமும் மாவும் திரட்டிக் கொடுத்து அனுப்பினர். மனிதர், விலங்கு, அதன் பின்னரே குளிப்பு என்பது அங்கே நடந்த வரிசை.

ஃபுகஹாக்கள் இவ்வரிசையைச் சட்டமாக வகுத்தனர். ‘நீர் கிடைக்காதபோது’ என்னும் நிபந்தனை, கையில் ஒரு துளியும் இல்லாத நிலையை மட்டும் குறிப்பதன்று. தாகத்திற்கு ஒதுக்கப்பட்ட நீர், கையில் இருந்தும் இல்லாததைப் போன்றதே. இமாம் நவவி (ரஹ், மறைவு ஹிஜ்ரி 676 / கி.பி. 1277) ‘மின்ஹாஜ்’ நூலில் தயம்முமுக்கான காரணங்களுள் ஒன்றாக, கண்ணியத்திற்குரிய உயிரொன்றின் தாகத்திற்கு அந்நீர் தேவைப்படுவதைக் குறிப்பிடுகிறார். அத்தாகம் இப்போது இல்லாமல் இனி வரவிருப்பதாயினும் சட்டம் அதுவே. இங்கு ‘கண்ணியத்திற்குரிய’ என்பதைக் குறிக்கும் ‘முஹ்தரம்’ என்னும் சொல் மனிதரோடு நின்றுவிடவில்லை. சவாரி விலங்கும் வேட்டை நாயும் அதனுள் அடங்கும். கடித்துத் தீங்கிழைக்கும் நாய் அடங்காது.

ஹனஃபி மத்ஹபின் ‘துர்ருல் முக்தார்’ நூலாசிரியர் ஹஸ்கஃபி (ரஹ்), நாயின் தாகத்தை வெளிப்படையாகவே எழுதுகிறார். தன் நாய்க்காயினும் சரி, கூட்டத்தில் உடன்வரும் தோழருக்காயினும் சரி, தாகம் இப்போதாயினும் பின்னராயினும் சரி, அந்த அச்சம் தயம்முமை அனுமதிக்கிறது. இவ்விடத்தில் நாய் என்பது வேட்டை நாயையும் மந்தை காக்கும் நாயையும் குறிக்கும் என்று முந்தைய நூல்களின் வரையறையை இப்னு ஆபிதீன் (ரஹ், மறைவு ஹிஜ்ரி 1252 / கி.பி. 1836) எடுத்துரைக்கிறார். நாயின் எச்சிலை அசுத்தம் என்று தீர்ப்பளித்த அதே அறிஞர்கள், அந்நாயின் தாகத்திற்காகத் தொழுகையாளியின் உளூ நீரை விலக்கி வைத்தனர். தூய்மை பற்றிய சட்டம் வேறு, உயிரின் உரிமை பற்றிய சட்டம் வேறு என்பதை அவர்கள் கலக்கவில்லை.

இச்சலுகையைச் சோம்பலுக்கு வாயிலாக்கிவிடாமலும் அவர்கள் காத்தனர். உளூச் செய்து வழியும் நீரை ஒரு பாத்திரத்தில் பிடித்து விலங்குக்குப் புகட்ட வசதி இருந்தால், விலங்கின் தாகம் தயம்முமுக்குக் காரணமாகாது என்று இப்னு கமால் (ரஹ்) நிபந்தனையிட்டதையும் துர்ருல் முக்தார் பதிவு செய்கிறது. அதாவது, ஒரே நீரில் கடமையும் தாகமும் நிறைவேற இயலுமெனில் இரண்டையும் நிறைவேற்றவேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. தாகத்திற்குத் தேவையான நீரில் உளூச் செய்வது பேணுதலின் உயர்நிலை என்று சிலர் எண்ணக்கூடும். ஷாஃபிஈ மத்ஹபின் இப்னு ஹஜர் அல்ஹைத்தமி (ரஹ்) ‘துஹ்ஃபா’வில் இதற்கு இடமளிக்கவில்லை. பயணக் கூட்டம் பெரிதாக இருப்பினும், அதில் எங்கோ தாகத்தால் தவிக்கும் ஓர் உயிர் இருக்கும் என்று எண்ண இடமிருந்தால், சிறிதளவு நீரையும் உளூவுக்குச் செலவிடுவது ஹராம் என்கிறார். பிறர் நாவறண்டு நிற்கத் தன் உறுப்புகளைக் கழுவுவது, அவர் தீர்ப்பில் வணக்கத்தின் பெயரால் செய்யப்படும் பாவமாகிறது.

மறந்துபோன நீர்

இனி, குதூரியின் கேள்விக்குத் திரும்பலாம். மூட்டையில் நீர் இருப்பதை மறந்து தயம்மும் செய்து தொழுதவன், நினைவு வந்த பின்னர் தொழுகையை மீட்டத் தேவையில்லை என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் முஹம்மத் (ரஹ்) ஆகியோரின் தீர்ப்பு. மீட்டவேண்டும் என்பார் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்). ‘ஹிதாயா’வில் மர்கீனானி (ரஹ், மறைவு ஹிஜ்ரி 593 / கி.பி. 1197) இரு தரப்பின் வாதங்களையும் விளக்குகிறார். அறிவு இல்லாதவிடத்து ஆற்றலும் இல்லை. நீர் இருப்பதை அறியாதவன் அதைப் பயன்படுத்த வல்லவனும் அல்லன் என்பது முந்தைய வாதம். பயணியின் மூட்டை நீர் வைப்பதற்கான வழக்கமான இடம். எனவே அதைத் தேடிப் பார்ப்பது கடமை என்பது அபூயூஸுஃபின் வாதம். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தும், மறந்தவன் மீட்டவேண்டும் என்பதே. ஆயினும் பல மூட்டைகளுக்கிடையே தன் மூட்டையையே தவறவிட்டவன் மீட்டவேண்டியதில்லை என்று நவவி வேறுபடுத்துகிறார்.

பிற்கால ஹனஃபி நூல்கள் இதை இன்னும் பகுத்துக் காட்டுகின்றன. நீர் அவனது முதுகிலோ கழுத்திலோ தொங்கியிருந்தால், அல்லது கண்முன்னே இருந்திருந்தால், மறதி ஒப்புக்கொள்ளப்படாது. இதில் மூன்று இமாம்களும் ஒரே கருத்தினர். வழக்கத்தில் மறக்க இயலாததை மறந்தேன் என்பது ஏற்கப்படுவதில்லை. சவாரி செய்பவனுக்கு நீர் சேணத்தின் முன்புறம் இருந்தால் மறதி செல்லாது. பின்புறம் இருந்தால் மேற்கண்ட கருத்து வேறுபாடு பொருந்தும். விலங்கைப் பின்னாலிருந்து ஓட்டிச் செல்பவனுக்கு இது தலைகீழாகும். ஏனெனில் பின்புறம் தொங்குவதே அவன் கண்ணுக்கு எதிரே இருப்பது. முன்னால் பிடித்து நடத்திச் செல்பவனுக்கோ இரண்டும் பார்வைக்கு அப்பாற்பட்டவை.

இந்த நுணுக்கத்தை வெறும் சொல் விளையாட்டு என்று கருதுவோர் உண்டு. ஆனால் மனிதனின் மறதியைக் கூட அவன் சுமையின் அமைப்போடும் பார்வையின் திசையோடும் வைத்து அளந்த நீதி இது. இன்றைய முதுகுப்பைக்கு இச்சட்டத்தைப் பொருத்திப் பார்ப்போம். தோளில் மாட்டி நடக்கும் பையில், கை எட்டும் பக்கவாட்டு உறையில் நீர்ப்புட்டி இருப்பவன், முதுகில் நீர் சுமந்தவனுக்கு ஒப்பாவான். இரு சக்கர வாகனத்தின் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியில் வைத்து மறந்தவன், சேணத்தின் பின்புறம் நீர் வைத்துச் சவாரி செய்தவனுக்கு நெருக்கமானவன். இவை உவமை கொண்டு செய்யும் பொருத்தங்களே; தீர்ப்பு ஆலிம்களுக்குரியது.

ஸம்ஸமும் கங்கையும்

தாகத்திற்காகச் சுமக்கும் நீரைப் போலவே, மதிப்புக்காகச் சுமக்கும் நீரும் வரலாற்றில் உண்டு. இராசேந்திரனைப் பற்றித் தொடக்கத்தில் கண்டோம். முஹம்மத் பின் துக்ளக் பருகுவதற்காகக் கங்கை நீர் 40 நாள் தொலைவிலிருந்த தௌலதாபாத்துக்குக் கொண்டு செல்லப்பட்டதை இப்னு பதூதா குறிப்பிடுகிறார். அக்பரின் ‘ஆப்தார் கானா’ என்னும் நீர்ப் பணியகத்தைப் பற்றி அபுல் ஃபஸ்ல் ‘ஆயினே அக்பரி’யில் ஒரு தனிப் பகுதியே எழுதியுள்ளார். அக்பர் வீட்டிலும் பயணத்திலும் கங்கை நீரே பருகினார். ஆக்ராவிலும் ஃபத்தேபூரிலும் இருந்தபோது ஸோரோனிலிருந்தும், பஞ்சாபில் இருந்தபோது ஹரித்வாரிலிருந்தும் முத்திரையிட்ட குடங்களில் அது வந்தது. பயணத்திற்கும் வேட்டைக்கும் செல்கையில், நீரைச் சுவைத்துப் பார்க்க அனுபவமிக்கவர்கள் நியமிக்கப்பட்டனர். வெடியுப்பைக் கரைத்த நீரில் கலத்தைச் சுழற்றிக் குடிநீரைக் குளிரச் செய்யும் முறையையும் அபுல் ஃபஸ்ல் விவரிக்கிறார். வேட்டைக்குச் சென்ற பாதுஷாவின் நீருக்கு முத்திரையும் காவலும் சுவைஞரும் இருந்தனர்.

முஸ்லிம்களிடமும் மதிப்பிற்குரிய நீர் ஒன்று உண்டு. ஹஜ்ஜிலிருந்து திரும்புவோர் ஸம்ஸம் நீரை அன்பளிப்பாகக் கொண்டுவருவது பழைய வழக்கம். அக்காலத்தில் கலத்தின் வாயை ஈயம் கொண்டு அடைத்துவிடுவர். வழியில் தொழுகை வேளை வந்து, வேறு நீர் இல்லையெனில் அவர் தயம்மும் செய்யலாமா? தாகத்தைப் போன்ற அச்சம் எதுவும் இல்லாதவரை கூடாது என்பது ஹனஃபி அறிஞர்களின் விடை. ஹாஜிகள் பலர் இதை அறியாமல் இருக்கின்றனர் என்றும் அவர்கள் குறைப்பட்டுள்ளனர். நீரின் சிறப்போ, அது உறவினருக்கென்று எடுத்து வைத்தது என்பதோ, வாய் அடைக்கப்பட்டது என்பதோ காரணமாகாது. ஆனால் ஒரு நாயின் தாகம் காரணமாகிறது. புனித நீராயினும் கடமைக்கு வழிவிட வேண்டும். எந்த நீராயினும் தாகத்திற்கு முன் கடமையின் வடிவம் மாறிக்கொள்ளும். இதுவே சட்டத்தின் தராசு.

சுமந்தவனுக்கு மட்டுமா?

பாத்திரத்தில் எடுத்த நீர் எடுத்தவனுக்குச் சொந்தம் என்பதில் ஃபுகஹாக்களிடையே ஐயமில்லை. தோழனிடம் நீர் இருந்தால், தயம்மும் செய்வதற்கு முன் அவனிடம் கேட்கவேண்டும் என்று குதூரி கூறுவதும் அந்த உரிமையை ஒப்புக்கொள்வதே. ஆயினும் தாகம் அவ்வுரிமைக்கு எல்லையிடுகிறது. உயிருக்கு அஞ்சும் தாகத்தில் இருப்பவனுக்கு, தன் தேவைக்கு மிஞ்சிய நீரை உடையவன் தர மறுத்தால், ஆயுதமின்றி அவனோடு போராடிப் பெறலாம் என்று ஹனஃபி நூல்கள் அனுமதிக்கின்றன. கிணற்று நீரைத் தடுப்பவனிடம் ஆயுதமும் ஏந்தலாம். பாத்திர நீர் தனியுடைமை என்பதால் ஆயுதம் இல்லை. உடையவனுக்கே அந்நீர் தாகத்திற்குத் தேவையெனில், அவனே முதல் உரிமையாளன். வழியில் மிகுதியான நீரை வைத்துக்கொண்டு வழிப்போக்கருக்குத் தடுத்தவனை, மறுமையில் அல்லாஹ் ஏறிட்டுப் பார்க்காத மூவருள் ஒருவனாக நபிமொழி எண்ணுகிறது (புகாரி, முஸ்லிம்).

இன்றைய பொருத்தம்

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின், வேட்டை என்பது பெரும்பாலும் குற்றமாகும். பொது நலனுக்காக ஆட்சி விதிக்கும் இத்தகைய தடையை மதிப்பது முஸ்லிமின் கடமையே. வீணுக்காக ஒரு சிட்டுக்குருவியைக் கொல்வதையும் நபிமொழி கண்டித்துள்ளது. அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. வரித்தலை வாத்துகள் வந்திறங்கும் அந்நீர், பறவைகளின் தாகத்திற்காகவும் காக்கப்படும் நீராகும்.

வேட்டை மறைந்தாலும் வேடனின் நிலை மறையவில்லை. ஜெயங்கொண்டம் வட்டாரத்து முந்திரித் தோப்புகளில் கத்திரி வெயிலில் கொட்டை பொறுக்கும் பெண்களும், சுண்ணாம்புக்கல் சுரங்கத் தொழிலாளரும், ஆட்டு மந்தையோடு நடப்போரும், வளைகுடாப் பாலையில் குழாய் பதிப்போரும் காலையில் எடுத்துச் செல்லும் நீரை நம்பியே பகலைக் கழிக்கின்றனர். கடும் வெயிலில் உழைப்பவர் 15 அல்லது 20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஏறத்தாழ கால் லிட்டர் நீர் பருகவேண்டும் என்பது தொழில் பாதுகாப்பு வல்லுநரின் பரிந்துரை. அக்கணக்கில் ஒரு லிட்டர் புட்டி ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி இருபது நிமிடமே தாங்கும். நீரின் எடை லிட்டருக்கு ஒரு கிலோ. எனவே வேண்டுமளவு சுமப்பதும் எளிதன்று.

நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’து நீரில் உளூச் செய்வார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார் (புகாரி, முஸ்லிம்). முத் என்பது இரு கைகளும் நிறைய அள்ளும் அளவு. மத்ஹபுகளின் கணக்கில் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை வேறுபடும். எனவே ஒரு புட்டி நீரில் உளூவும் பகல் முழுவதற்குமான குடிநீரும் சேர்ந்து அடங்கா. நம் ஊர்களில் பெரும்பாலும் அருகிலேயே பள்ளிவாசலும் குழாயும் கிணறும் உண்டு. ஹனஃபி மத்ஹபில் ஒரு மீல் தொலைவுக்குள் நீர் உண்டென அறிந்தவன் தேடிச் செல்லவேண்டும். ஆகவே சலுகையை அவசரப்பட்டு எடுத்துக்கொள்ள இடமில்லை. நீர் ஓரளவு போதுமென்றால், ஒவ்வோர் உறுப்பையும் ஒருமுறை மட்டும் கழுவி நிறைவு செய்யலாம். அதற்கும் இடமின்றித் தாகத்தின் அச்சம் உண்மையாக எழும்போது, தயம்மும் இறைவன் அளித்த முழுமையான தூய்மையே. அதைக் குறைவாக எண்ணி, மயங்கி விழும்வரை நீரைப் பேணி உளூச் செய்வது மார்க்கம் கோரியதன்று. தொழிலாளியின் புட்டியில் உள்ள நீரில் உளூச் செய்யுமாறு அவரைக் கூச்சப்படுத்துவோர், இப்னு ஹஜரின் தீர்ப்பை ஒருமுறை நினைவுகூர்வது நலம்.

மறுபுறம், ஹவுழும் குழாயும் நிறைந்த நம் பள்ளிவாசல்களில் திறந்துவிட்ட குழாயின் கீழ் ஓடும் நீரையும் இத்தராசிலேயே வைத்துப் பார்க்கவேண்டும். கோடையில் வறளும் நிலத்தில், அந்நீரும் எங்கோ ஓர் உயிரின் தாகத்திற்கு உரியது.

நீர் சுமந்தவர்களைப் பற்றிய செய்திகளுள் மிக எளிய கலத்தைக் கொண்டது ஒன்றுண்டு. தாகத்தால் தவித்து வழியில் நடந்த ஒருவர் கிணற்றில் இறங்கிப் பருகினார். மேலேறியபோது, தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாயைக் கண்டார். தமக்கு ஏற்பட்டதே இதற்கும் ஏற்பட்டுள்ளது என்று உணர்ந்து மீண்டும் இறங்கி, தம் காலுறையில் நீரை நிரப்பி, அதை வாயில் கவ்விக்கொண்டு மேலேறிப் புகட்டினார். அல்லாஹ் அவரை மன்னித்தான். ஈரமுள்ள ஒவ்வோர் ஈரலுக்கும் செய்யும் உதவியில் கூலி உண்டு என்று நபியவர்கள் விளக்கினார்கள் (புகாரி, முஸ்லிம்). பேரரசர்கள் சுமக்கச் செய்த நீர் ஏரியாகவும் முத்திரையிட்ட குடங்களாகவும் வரலாற்றில் நிற்கிறது. அந்த மனிதர் சுமந்தது ஒரு காலுறை அளவு நீரே. ஃபிக்ஹு நூல்கள் நாயின் தாகத்தைத் தொழுகையாளியின் உளூவுக்கு முன்னே வைத்தபோது, அந்தக் காலுறையின் நீரையே சட்டமாக எழுதின.